கெம்பஸா, ஏசி கோர்ஸா? தம்பிக்கு இரண்டும் கிடைத்திருக்கிறது

களுதாவளை அக்கா

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பி ஏ.எல் (உயர்தரம்) கலைப்பிரிவில் எடுத்தவன். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம் கிடைத்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் கெம்பஸ் போகும் முதல் ஆள். அம்மா பிள்ளையாருக்குப் பொங்கிப் படைத்துவிட்டு வந்து ஒழுங்கை முழுவதும் சொல்லிவிட்டார்.

ஆனால் ஏ.எல் எழுதிவிட்டு வீட்டில் நின்ற காலத்திலேயே அவன் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் பிரிட்ஜ், ஏசி திருத்தும் கோர்ஸுக்கு விண்ணப்பித்திருந்தான். அதற்கும் கடிதம் வந்துவிட்டது. என்.வி.கியூ 4 (தேசிய தொழிற்தகைமை, மட்டம் 4) என்று போட்டிருக்கிறது. இரண்டில் ஒன்றுக்குப் பதிவு செய்ய இரண்டு கிழமைதான் இருக்கிறது.

அப்பாவுக்கு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இரண்டு ஏக்கர் வயல். நான் முன்பள்ளி ஆசிரியை. எனக்குக் கீழே ஒரு தங்கச்சி இருக்கிறாள், அவளுக்குச் சீதனமாக வீடு கட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் அது எவ்வளவு பெரிய சுமை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அம்மா கெம்பஸ் என்கிறார், தம்பி ஏசி என்கிறான், அப்பா வாய் திறக்கவில்லை. எதற்குப் போனால் நல்ல வேலை கிடைக்கும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வந்தாறுமூலை பழைய மாணவன்

தங்கச்சி, முதலில் தம்பிக்கு வாழ்த்து. நான் அதே கலைப்பீடத்தில் படித்து 2013இல் வெளியே வந்தவன். என் கதையைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

விசேட கற்கை, நான்கு வருடம். அதற்கு முன் ஏ.எல் முடித்து உள்ளே போகக் காத்திருந்ததே ஒரு வருடத்துக்கு மேல். பட்டம் கைக்கு வந்தபோது வயது 26. பிறகு செங்கலடியில் ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதினேன். பின்னேரத்தில் ஓ.எல் (சாதாரண தரம்) பிள்ளைகளுக்கு வரலாறு டியூஷன். 2017 பெப்ரவரியில் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் சத்தியாக்கிரகம் இருக்கத் தொடங்கியபோது நானும் போய் இருந்தேன். அது மாதக்கணக்கில் நீண்டது. ஒருநாள் என் அப்பா பஸ் எடுத்து வந்து, ஒன்றும் பேசாமல் என் பக்கத்தில் அரை மணித்தியாலம் இருந்துவிட்டுப் போனார். இதை எழுதும்போதும் அவர் முகம் தெரிகிறது.

2020இல் அரசாங்கம் 50,000 பட்டதாரிகளைப் பயிலுநராக எடுக்கும் திட்டம் கொண்டுவந்தது. மாதம் 20,000 ரூபா கொடுப்பனவு. எனக்கும் அதில்தான் கிடைத்தது. இப்போது ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். பட்டம் எடுத்து ஏழு வருடம் கழித்துக் கிடைத்த வேலை. ஓய்வூதியம் இருக்கிறது, வங்கியில் கடன் கேட்டால் தருகிறார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் லீவு போடலாம். அதையெல்லாம் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த தடவை எப்போது எடுப்பார்கள் என்று எவராலும் சொல்ல முடியாது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அரசாங்கம் ஆள் எடுப்பதை இன்னும் இறுக்கிவிட்டது. தம்பி அரசாங்க வேலையை மட்டும் நம்பி உள்ளே போவதென்றால் வேண்டாம் என்பேன். படிக்க ஆசை இருந்தால் போகட்டும்.

கல்முனை ஏசி

தங்கச்சி, நான் பதினாறு வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். கல்முனையில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன்.

முதல் தடவை 2014இல் கட்டாருக்குப் போனேன். வேலை நன்றாகத் தெரியும், ஆனால் கையில் சேர்டிபிகேட் இல்லை. அதனால் விசாவில் ஹெல்பர் என்று போட்டார்கள், சம்பளம் 900 ரியால். எனக்கு மேலே இருந்த டெக்னீசியனுக்கு கேஸ் அளவு பார்க்கத் தெரியாது. நான்தான் கெஜ் பிடித்துச் சொல்வேன், அவர் கையெழுத்துப் போடுவார். இரண்டு வருடம் அப்படிப் போனது. ஊருக்கு வந்து, செய்த வேலையைக் காட்டிப் பரீட்சை கொடுத்து என்.வி.கியூ எடுத்தேன். முன் அனுபவத்தை வைத்துத் தகைமை கொடுக்கும் முறை ஒன்று இருக்கிறது, ஆர்.பி.எல் என்பார்கள். அதை எடுத்துக்கொண்டு திரும்பப் போனபோது டெக்னீசியன் விசா, 1,800 ரியால். என் கை மாறவில்லை, கையில் இருந்த கடதாசிதான் மாறியது. அதனால்தான் என்.வி.கியூ 4 கோர்ஸ் கிடைத்தது என்றால் அதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள் என்கிறேன்.

கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். ஆடி ஆவணி வெயிலில் மொட்டைமாடியில் நின்று வெளி யூனிட்டைக் கழற்றுவது லேசான வேலை இல்லை. 40 வயதில் முழங்கால் வலிக்கிறது. ஊரில் மாசி, பங்குனியில் இருந்து புரட்டாதி வரைக்கும் போன் ஓயாது. கார்த்திகை, மார்கழி மழைக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள், அந்த மாதங்களில் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும்தான் சோறு போடும். இப்போது வருவதெல்லாம் இன்வெர்ட்டர் ஏசி. போர்ட் பார்க்கத் தெரியாத ஆளுக்கு இனி வேலை குறையும். தம்பி ஏ.எல் வரை படித்தவன். மனுவலை இங்கிலீஷில் வாசித்து விளங்குவான் என்றால் அது அவனுக்குப் பெரிய பலம்.

படுவான்கரை ஆசிரியர்

இந்த இழையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

பதினெட்டு வருடமாகப் படுவான்கரையில் படிப்பிக்கிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை ஏ.எல் வரைக்கும் வருவதே எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். யானைக்குப் பயந்து ஆறு மணிக்கு முன் வீடு சேர வேண்டும். விஞ்ஞான ஆசிரியர் இல்லாததால்தான் எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் கலைப்பிரிவு எடுக்கிறார்கள், விரும்பி எடுப்பதில்லை. அதையும் தாண்டி ஒரு பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தால், உடனே "கலைப் பட்டத்துக்கு வேலை இல்லை, தொழில் பழகு" என்கிறார்கள். இந்தப் புத்திமதியை டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு யாராவது சொல்லி நான் கேட்டதில்லை. விவசாயியின் பிள்ளைக்கும் மீன்பிடிப்பவரின் பிள்ளைக்கும்தான் சொல்கிறார்கள்.

நாட்டில் ஏ.எல் சித்தியடைந்து தகுதி பெறுகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குக்குத்தான் அரச பல்கலைக்கழகத்தில் இடம். அந்த இடத்தை இந்தப் பிள்ளை வென்றிருக்கிறது. வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் முழுப் பல்கலைக்கழகமான இடம் அது. 1990இல் அதே வளாகம் அகதி முகாமாக இருந்தது, அங்கிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகும் அந்த இடம் எழுந்து நின்று எங்கள் பிள்ளைகளுக்குப் பட்டம் கொடுக்கிறது. அதைச் சம்பளத்தை மட்டும் வைத்து நிறுப்பது எனக்கு வலிக்கிறது.

பிரதேச செயலாளர் எங்கள் ஊரில் இருந்து வர வேண்டுமென்றால் யாராவது பட்டம் எடுத்து, போட்டிப் பரீட்சை எழுதத்தான் வேண்டும்.

கல்முனை ஏசி

சேர், நீங்கள் சொல்வதில் பொய் இல்லை. டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை என்பது எனக்கும் சுடுகிறது, ஏனென்றால் எனக்கும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொன்னார்கள். ஓ.எல்லில் கணிதம் நல்லாகவே செய்தேன். வாப்பா இறந்ததால் நின்றேன்.

ஆனால் இந்தத் தம்பி விஷயத்தில் ஒன்று கேட்கிறேன். இவன் பெறுபேறு குறைந்து, வேறு வழி இல்லாமல் ஏசிக்குப் போகவில்லையே. கெம்பஸ் கிடைக்கும் என்று தெரிந்த பிறகும் ஏசி என்கிறான். தொழிலை விரும்பித் தேடி வருகிற பிள்ளை எங்களுக்கு அரிதாகத்தான் கிடைக்கும். வருகிறவர்களில் பாதிப்பேர் வீட்டில் அடித்து அனுப்பி வருகிறவர்கள், மூன்றாம் மாதம் ஓடிவிடுவார்கள்.

ஒலுவில் பொறியியல்

பட்டம் என்று எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட வேண்டாம். நான் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தேன். என் வகுப்பில் யாரும் காந்தி பூங்காவில் இருக்க வேண்டி வரவில்லை, பலர் இப்போது வெளிநாட்டில். கலைப்பீட நண்பர்கள் நிலை வேறு. எந்தப் பட்டம், எந்தத் தொழில் என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் பதில் சொல்லலாம். தொழிலிலும் அப்படித்தானே? ஏசியும் சோலாரும் ஒன்று, மூன்று மாதம் கேக் ஐசிங் பழகுவது வேறு.

ஏறாவூர் ராத்தா

கேக் ஐசிங் என்று எழுதியதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. தம்பி அதைக் கேலியாகச் சொல்லவில்லை என்று தெரியும், ஆனால் அதுதான் எங்களுக்குக் கிடைத்தது. எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்குத் தொழிற்பயிற்சி என்றால் தையல், கேக், அழகுக்கலை. நான் தையல் ஆறு மாதம் படித்தேன். முடிந்ததும் ஒரு மெஷின் தந்து போட்டோ எடுத்தார்கள். அதே வருடத்தில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் பதினொரு பேருக்கு மெஷின். யாருக்கு யார் தைப்பது? சட்டைத்துணி ஒன்றுக்கு 300 ரூபா என்று ஆளுக்காள் குறைத்துக் குறைத்து, கடைசியில் நூல் காசும் மிஞ்சவில்லை.

பிறகு ஒரு தனியார் நிறுவனத்தில் தாதி உதவியாளர் கோர்ஸ் என்று 85,000 ரூபா கட்டினேன். முடிந்த பிறகுதான் தெரிந்தது, அது பதிவில்லாத கோர்ஸ், என்.வி.கியூ கிடையாது. உம்மாவின் காப்பு அடகில் போன காசு. அதை இன்னும் மீட்கவில்லை.

என் தங்கச்சி பட்டம் எடுத்தாள், ஆசிரியையாகிவிட்டாள். ஐந்து வருடம் காத்திருந்துதான் கிடைத்தது, ஆனாலும் கிடைத்தது. பெண்களுக்குப் பட்டம் ஒரு பாதுகாப்பு என்று நான் நம்புகிறேன். ஆண்பிள்ளைக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கோர்ஸைச் சரிபார்க்காமல் மட்டும் சேர்க்காதீர்கள்.

பயிற்சிப் போதனாசிரியர்

ராத்தாவுக்கு நடந்தது இங்கே அடிக்கடி நடக்கிறது. அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

தேசிய தொழிற்தகைமை என்பது ஏழு மட்டம். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவாகி இருக்க வேண்டும். அது மட்டும் போதாது, அந்தக் குறிப்பிட்ட கோர்ஸும் தரச்சான்று பெற்றிருக்க வேண்டும். நிறுவனம் பதிவு, கோர்ஸ் இல்லை என்ற இடத்தில்தான் சனம் ஏமாறுகிறது. காசு கட்டும் முன் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பாருங்கள். அரசாங்கத்தின் தொழிற்பயிற்சி அதிகாரசபை, நைட்டா (தொழில் பழகுநர் பயிற்சி அதிகாரசபை), தொழில்நுட்பக் கல்லூரி என்றாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது, வேலைத்தளப் பயிற்சி. நிலையத்தில் படிக்கும் காலம் முடிந்ததும் ஒரு கம்பனியிலோ கடையிலோ சில மாதம் நிற்க வேண்டும். பெடியன்கள் இதைத்தான் ஏய்க்கிறார்கள். தெரிந்த கடையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டில் நிற்பார்கள். அப்படி வந்த சான்றிதழோடு இன்டர்வியூ போனால், ஒரு கொம்பிரசரைக் காட்டி மூன்று முனையில் எது கொமன் (பொது முனை) என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னதும் முழிப்பார்கள். நல்ல பட்டறையில் நின்றவன் சான்றிதழை எடுக்கும் முன்னமே வேலைக்குக் கேட்கப்படுவான்.

ஆசிரியர் சேருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தொழிற்பயிற்சிக்குப் போனால் படிப்பு முடிந்துவிட்டது என்ற எண்ணம் பழையது. மட்டம் 4 முடித்து, டிப்ளோமா செய்து, இரத்மலானையில் இருக்கும் தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் வரைக்கும் போகலாம். அம்பாறையில் ஹார்டி உயர் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொன்னால், எங்கள் மாணவர்களில் அந்த வழியில் மேலே போனவர்கள் குறைவு. மட்டம் 4 வந்ததும் ஏஜென்சி பாஸ்போர்ட் கேட்கிறது, குடும்பம் காசு கேட்கிறது, போய்விடுகிறார்கள். 2022இல் நாட்டை விட்டு வேலைக்குப் போனவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். எங்கள் நிலையத்தில் அந்த வருடம் ஒரு வகுப்பே பாதியாகக் குறைந்தது.

ஓடாவி மகன்

சம்பளம், விசா, சான்றிதழ் எல்லாம் பேசிவிட்டீர்கள். இன்னொன்றையும் பார்க்க வேண்டும்.

என் அப்பா ஆரையம்பதியில் பெயர் எடுத்த ஓடாவி, அதாவது தச்சர். அவர் செய்த கதவுகள் இன்றும் அரை இஞ்சி விலகாமல் நிற்கின்றன. கொழும்பில் ஒரு கொன்ட்ராக்டரிடம் ஒன்பது வருடம் கூரை வேலை செய்தார். நாள்கூலி நல்ல கூலிதான், அந்த நேரத்தில் எங்கள் பள்ளிக்கூட ஆசிரியரின் சம்பளத்தை விட மாத முடிவில் கூட வரும். ஒருநாள் சாரம் வழுக்கி இரண்டாம் மாடியில் இருந்து விழுந்தார். கால் சப்பாத்து இல்லை, இடுப்புப் பட்டி இல்லை, செருப்போடு ஏறியவர். கொன்ட்ராக்டர் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை பழங்களோடு வந்தார், பிறகு போனை எடுக்கவில்லை. ஒன்பது வருடத்துக்கும் இ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதி) ஒரு சதம் கட்டப்பட்டிருக்கவில்லை. பெயரே எந்தப் பதிவிலும் இல்லை. இப்போது அவருக்கு 61 வயது, திண்ணையில் இருக்கிறார்.

சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்கிற ஆளுக்கு அவர் பக்கத்தில் 8 வீதமும் முதலாளி பக்கத்தில் 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குப் போக வேண்டும். அதோடு முதலாளி ஈ.டி.எப் என்ற ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம் கட்ட வேண்டும். மேசனுக்கும் ஓடாவிக்கும் ஏசி பெடியனுக்கும் அது பொருந்தும். நாங்கள் கேட்பதில்லை, கேட்டால் நாளைக்கு வேலை இல்லை என்று பயம். எங்கள் அம்மாமார் ஏன் அரசாங்க வேலை, அரசாங்க வேலை என்கிறார்கள் என்று பலர் குறை சொல்கிறார்கள். விழுந்தால் யார் பார்ப்பது என்ற பயத்தில்தான் சொல்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது.

நான் தொழிலுக்கு எதிரானவன் இல்லை. நானும் அலுமினியம் வேலைதான் செய்கிறேன், ஒரு கம்பனியில், இ.பி.எப்போடு. நாள்கூலிக்கு நின்றபோது கிடைத்ததை விடக் கையில் வருவது குறைவு. ஆனால் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குகிறோம்.

களுதாவளை அக்கா

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஓடாவி மகன் எழுதியதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

தம்பியிடமும் பேசினேன். ஏன் ஏசி என்று இவ்வளவு நாளும் நான் ஒழுங்காகக் கேட்டதே இல்லை. ஏ.எல் முடிந்த பிறகு பக்கத்து வீட்டுப் பிரிட்ஜ் ஒன்றை யூடியூப் பார்த்துத் திருத்தினானாம். அதில் பனிக்கட்டி உறைந்ததைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் பரீட்சை முடிவு வந்தபோது வரவில்லை என்றான். அப்புறம், தமிழும் வரலாறும் அவனுக்குப் பிடிக்கும்தான். ஆனால் நான்கு வருடம் படித்துவிட்டு அப்பாவிடம் பஸ் காசு கேட்கிற நிலைமை வேண்டாம் என்கிறான்.

ஒரு கேள்வி. இரண்டையும் செய்ய வழி இருக்கிறதா?

வந்தாறுமூலை பழைய மாணவன்

இருக்கிறது, ஆனால் ஒரே நேரத்தில் முழுநேரமாக இரண்டையும் செய்ய முயற்சிக்க வேண்டாம், இரண்டும் பாழாகும். திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில் நிலையம் இருக்கிறது. வேலை செய்துகொண்டே பட்டம் படிக்கலாம், காசு கட்ட வேண்டும், காலம் கூட எடுக்கும். கெம்பஸைத் தெரிவு செய்தால், தொழில்நுட்பக் கல்லூரியில் சனி ஞாயிறு பகுதிநேரக் கோர்ஸ்கள் நடக்கின்றன, அதைக் கேட்டுப் பாருங்கள்.

நான் கெம்பஸ் காலத்தில் அப்படி ஏதாவது பழகியிருந்தால் அந்த ஏழு வருடமும் வேறு மாதிரிப் போயிருக்கும். என் நண்பன் ஒருவன் விடுமுறைகளில் வயரிங் பழகினான். சத்தியாக்கிரகத்துக்குப் பகலில் வருவான், பின்னேரம் வேலைக்குப் போவான். அவன் வீட்டில் அடுப்பு அணையவில்லை.

படுவான்கரை ஆசிரியர்

தம்பி சொன்ன காரணத்தை வாசித்தேன். விரும்பிப் போகிற பிள்ளையை நான் தடுக்க மாட்டேன். ஒன்றே ஒன்று. பல்கலைக்கழக அனுமதியை விடுவதென்றால், திரும்ப எடுக்கலாமா முடியாதா என்பதை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் வாசித்து, வீட்டில் எல்லோரும் தெரிந்துகொண்ட பிறகு விடுங்கள். யாரோ சொன்னதைக் கேட்டு இடத்தை விட்டுவிடாதீர்கள்.

களுதாவளை அக்கா

நேற்று அம்மாவும் நானும் தம்பியுமாக ஒரே நாளில் இரண்டு இடத்துக்கும் போனோம். காலையில் வந்தாறுமூலை. அம்மா அந்த வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், கண் கலங்கிவிட்டது. பின்னேரம் பயிற்சி நிலையம். பட்டறை துப்புரவாக இருந்தது, பெடியன்கள் செம்புக் குழாய் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். தம்பி எங்களை மறந்து அவர்களோடு பேசப் போய்விட்டான்.

பொறுப்பாக இருந்த சேரிடம் அம்மா கேட்டது ஒரேயொரு கேள்விதான். "இந்த வேலைக்குப் போனா இ.பி.எப் கட்டுவாங்களா மகன்?" அவர் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, கட்டுகிற இடங்களின் பட்டியலை எழுதித் தருகிறேன் என்று எழுதித் தந்தார். ஐந்து இடம், அதில் இரண்டு பாசிக்குடாப் பக்கத்து ஹோட்டல்கள்.

கோர்ஸ் பதிவில் இருக்கிறது, இணையத்தில் பார்த்துவிட்டோம். திங்கட்கிழமை பதிகிறான். அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை, ஆனால் நேற்று இரவு பஸ் நேரம் கேட்டார். கெம்பஸை விடுவது எனக்கு இன்னும் மனதில் கனமாகத்தான் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன்.

கல்முனை ஏசி காக்கா, வேலைத்தளப் பயிற்சிக்கு உங்கள் கடையில் இடம் தருவீர்களா?

கல்முனை ஏசி

வரச் சொல்லுங்கள் தங்கச்சி. நிலையத்தில் இருந்து கடிதம் வாங்கி வரட்டும், நாள் பதிவுப் புத்தகத்தில் செய்த வேலையைத்தான் எழுதுவேன், செய்யாததற்குக் கையெழுத்துக் கிடையாது. காலை எட்டு மணி. செருப்போடு வர வேண்டாம், சப்பாத்து வாங்கிக் கொடுங்கள். பட்டியும் கயிறும் கடையில் இருக்கிறது.